வான்வழிச் செலவும் சமநிலை மனமும்

 

பகவான் மகாவீரரின் பிறந்தநாள் விழா மேடையில் வானூர்திப் பயணத்தைப் பற்றி ஓர் உரையா என்று சிலர் வியக்கலாம். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து புறப்பட்ட தமிழ்ச் சமணக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பணிபுரிகின்றனர். மகளின் பேறுகாலத்துக்கு உதவவும், பேரக்குழந்தையைப் பேணவும், மகனின் புதுமனை புகுவிழாவைக் காணவும், அறுபதும் எழுபதும் கடந்த பெற்றோர் கடல் கடந்து செல்கின்றனர். வயலும் வீடும் ஜினாலயமுமாக வாழ்ந்த தாய் ஒருவர், வாழ்நாளில் முதன்முறையாகப் பதினைந்து மணி நேரம் ஒரே இருக்கையில் அமர வேண்டியவர் ஆகிறார்.

அவர் நெஞ்சில் இரண்டு அச்சங்கள் எழுகின்றன. ஒன்று, இந்த உடல் தாங்குமா என்பது. மற்றொன்று, இத்தனை ஆண்டுகள் காத்த நோன்பு வானத்தில் கெட்டுவிடுமோ என்பது. இந்த இரண்டாவது அச்சத்தால் பயணத்தையே தவிர்த்துவிடும் மூத்தோரும் உண்டு. பாட்டியின் மடியில் அமர்ந்து பஞ்ச நமஸ்கார மந்திரம் கேளாமலே ஒரு குழந்தை அயல்நாட்டில் வளர்ந்துவிடுகிறது. நோன்பைக் காப்பதற்காக மறுக்கப்பட்ட பயணம், அந்த நோன்பு அடுத்த தலைமுறைக்குச் செல்லும் வழியையும் அடைத்துவிடுகிறது.

அறவொழுக்கம் நிலத்தில் இறக்கி வைத்துவிட்டு வானூர்தியில் ஏறத்தக்க சுமையன்று. சமணம் இல்லறத்தாருக்குக் கற்றுத் தந்துள்ள பயிற்சிகளே அந்தப் பதினைந்து மணி நேரத்தையும் அமைதியோடும் முகமலர்ச்சியோடும் கழிக்கப் போதுமானவை. இதனை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

துறவியர் ஊர்தி ஏறுவதில்லை, கால்நடையாகவே செல்வர். 1893-ஆம் ஆண்டு சிகாகோவில் கூடிய சர்வ சமயப் பேரவைக்கு ஆச்சாரியர் ஆத்மாராம்ஜி அழைக்கப்பட்டார். துறவு நெறியின்படி அவரால் கடல் கடக்க இயலாது. ஆகவே இல்லறத்தாராகிய வீர்சந்த் ராகவ்ஜி காந்தி அவர் சார்பில் கப்பலேறிச் சென்று, சமண நெறியை அந்த அவையில் எடுத்துரைத்தார். இல்லறத்தாருக்கு ஊர்தி விலக்கன்று. ஊர்தியில் ஒழுக்கம் தளர்வதே விலக்கு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

பயண அச்சத்தில் பெரும்பகுதி அறியாமையால் விளைவது. மும்மணிகளில் நற்காட்சியை அடுத்து நன்ஞானத்தை வைத்தனர் முன்னோர். அறிந்தவன் கலங்கான் என்பது பயணத்துக்கும் பொருந்தும். வானூர்தி ஏறத்தாழ 35,000 அடி உயரத்தில் பறக்கிறது. வெளியே உறைநிலைக்கு 50 பாகை கீழான கடுங்குளிர். ஆயினும் உள்ளே காற்றழுத்தம், 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்கு ஒப்பாகப் பேணப்படுகிறது. உதகமண்டலத்தில் சில மணி நேரம் அமர்ந்திருப்பது எப்படியோ, ஏறத்தாழ அப்படியே இதுவும். அதனால்தான் சிறு சோர்வு தோன்றுகிறது. வயிறு சற்று உப்புகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கிறது. எச்சில் விழுங்கினாலும் கொட்டாவி விட்டாலும் காது திறந்துகொள்ளும். உள்ளிருக்கும் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் குறைவாதலால் மூக்கும் தொண்டையும் உலர்கின்றன. இவை நோய்கள் அல்ல, இடத்தின் இயல்புகள். இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் மட்டும் முன்கூட்டியே மருத்துவரைக் கலந்து, அவர் சொற்படி நடத்தல் வேண்டும்.

வானூர்தி குலுங்கும்போது எழும் அச்சம் பெரிது. ஓடும் காற்றின் வேகம் இடத்துக்கு இடம் மாறுவதாலும், வெப்பக்காற்று மேலெழுவதாலும், மலைகளைக் கடக்கும் காற்று அலைபோல் புரள்வதாலும் அந்தக் குலுக்கம் நேர்கிறது. மேடு பள்ளமான வண்டிப்பாதையில் கூண்டுவண்டி ஆடுவதை ஒத்தது அது. சாளரம் வழியே பார்த்தால் இறக்கை வளைவது தெரியும். காற்றில் மூங்கில் வளைவதுபோல், முறியாதிருப்பதற்காகவே அது வளையுமாறு அமைக்கப்பட்டுள்ளது. பறக்கும்போது நேரக்கூடும் என்று கணக்கிடப்பட்ட மிகப் பெரிய சுமையைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்கும் வலிமை அதற்கு உண்டு. பயணி செய்ய வேண்டியது ஒன்றே: அமர்ந்திருக்கும் நேரமெல்லாம் இருக்கைப் பட்டையை அணிந்திருத்தல்.

இனி மனத்தின் கலக்கத்தைக் காண்போமாக. திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியில் வானில் பறந்த ஓர் அரசியைக் காண்கிறோம். கட்டியங்காரன் சூழ்ச்சியை அறிந்த சச்சந்தன், கருவுற்றிருந்த விசயையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்பினான். பொறியை வலமாகத் திருகினால் எழும்பும். இடமாகத் திருகினால் இறங்கும். அவளும் அதனை இயக்கப் பயின்றிருந்தாள். ஆயினும் பகைவனின் வெற்றி முரசம் பின்னால் ஒலித்தபோது அவள் அறிவு சோர்ந்து மயங்கினாள். மயிற்பொறியோ தன் கடமையில் தவறாமல் சுடுகாட்டில் மெல்ல இறங்கியது. அவள் அடைந்த துயரம் மிகப் பெரிது. குறைகூற அதில் ஒன்றுமில்லை. ஆனால் அக்காட்சி உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு. பொறி பழுதின்றிப் பறக்கும்போதும், பின்னே விட்டுவந்த ஒலி மனத்தை வீழ்த்திவிடும்.

இன்றைய பயணியின் செவியிலும் அத்தகைய முரசுகள் ஒலிக்கின்றன. வீட்டுக் கதவு பூட்டப்பட்டதா, எரிவாயு உருளை மூடப்பட்டதா, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது யார், ஜினாலயத்தில் அடுத்த பூசை முறை யாரிடம் என்பனவே அவை. இம்முரசுகளை அடக்கும் இடம் வானம் அன்று, வீடு. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு பொறுப்பையும் ஒருவரிடம் ஒப்படைத்து, ஒப்படைத்ததை ஒரு தாளில் எழுதி வைத்துவிட வேண்டும். மனம் மீண்டும் கேட்கும்போது அந்தத் தாள் விடை சொல்லும்.

துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளை இல்லறத்தார் தம் அளவில் பயில்வது நல்வழக்கு. அவ்வைந்தும் வானூர்திக்கென்றே வகுக்கப்பட்டனவோ என்று எண்ணும்படி அமைந்திருக்கின்றன.

முதலாவது ஈர்யா சமிதி, அதாவது நடையில் கவனம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாது அமர்ந்திருந்தால் காலின் ஆழ்நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்புக் கூடுகிறது. ஆகவே விழித்திருக்கும்போது ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து, பிறர் காலை மிதியாது, இருக்கைகளைப் பற்றியவாறு மெல்ல நடத்தல் வேண்டும். அமர்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைத்தலும் நன்று. முதியோர்க்கு நடைவழியை ஒட்டிய இருக்கையே ஏற்றது. நெடுந்தொலைவு நடக்க இயலாதவர் விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டுப் பெறுவதில் நாணத்துக்கு இடமில்லை.

இரண்டாவது பாஷா சமிதி, அதாவது சொல்லில் கவனம். முன்னிருக்கைக்காரர் சாய்வதும், பின்னிருக்கைச் சிறுவன் உதைப்பதும் சினத்தை எழுப்பும். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள், கண்ணகியையும் கோவலனையும் மதுரைக்கு அழைத்துச் செல்லும் வழியில், வயலில் ஊரும் சிற்றுயிர்க்கும் தீங்கு நேராமல் நடக்கச் சொன்ன அருளாளர். அவரே, ஒரு சோலையில் எதிர்ப்பட்ட இருவர் அவ்விணையரை இழிவாகப் பேசியபோது, அவர்களை நரிகளாகுமாறு சபித்தார். இகழப்பட்ட கண்ணகியும் கோவலனுமே இரங்கி வேண்டிய பின்னர்தான் பன்னிரண்டு திங்களில் சாபம் நீங்க வழி அமைந்தது. தவத்தில் நின்றவர்க்கும் வழிப்பயணத்தில் சினம் வரும் என்பதை இளங்கோவடிகள் மறைக்கவில்லை. இகழப்பட்டவரே இரங்க முடியும் என்பதையும் காட்டிவிட்டார். சோர்வும் உறக்கமின்மையும் உள்ள நேரத்தில் கடுஞ்சொல் எளிதில் வரும் என்று முன்னரே அறிந்திருந்தால், அது நாவை அடையுமுன் நிறுத்தலாம். குறை இருந்தால் பணிப்பெண்ணிடம் மெல்லச் சொன்னால் போதும்.

மூன்றாவது ஏஷணா சமிதி, அதாவது உணவில் கவனம். பயணச்சீட்டு வாங்கும்போதே சமண உணவு வேண்டும் என்று பதிவு செய்தல் வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 24 முதல் 48 மணி நேரத்துக்கு முன்பே இதனைக் கேட்கின்றன. இதற்குரிய குறியீடு வி.ஜே.எம்.எல். என்பது. கிழங்கு, வெங்காயம், பூண்டு ஆகியவை இதில் சேர்வதில்லை. இந்து உணவு என்னும் பெயருள்ள வகையில் இறைச்சியும் இடம்பெறலாம். பெயரைக் கண்டு மயங்கலாகாது. எதிர்பாராமல் அந்த உணவு வராமற்போனால் உதவ, சப்பாத்தி, பொரி, முறுக்கு, உலர் திராட்சை போன்றவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். தயிரும் ஊறுகாயும் நீர்மப் பொருளாகக் கருதப்படும். பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லிக்கு மேல் செல்லாது. வெற்றுக் குடுவையைக் கொண்டுசென்று, சோதனைக்குப் பின் நீர் நிரப்பிக்கொள்ளலாம்.

பக்கத்து இருக்கையில் புலால் உணவு வரக்கூடும். கொல்லாமையைப் போற்றுவோர்க்கு அது துன்பந்தான். வேறு இருக்கை உண்டா என்று கேட்கலாம். இல்லையெனில் பார்வையைத் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் உண்பவரை வெறுக்கத் தொடங்கினால், அவர் தட்டில் உள்ள வினை அவருடையது. நெஞ்சில் எழும் வெறுப்பின் வினை வெறுப்பவருடையது.

இரவு உண்ணாமையே பலரைக் கலங்க வைக்கும் கேள்வி. மேற்கு நோக்கிப் பறக்கையில் பகல் நீள்கிறது. நிலநடுக்கோட்டில் புவி மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. வானூர்தி மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் அதே கதிரவனைப் பின்தொடர்கிறது. ஆகவே அவன் மறைய நெடுநேரம் ஆகிறது. கிழக்கு நோக்கித் திரும்புகையில் இரவு விரைந்து வந்துவிடுகிறது. வானத்தில் ஏறிய பின் இதனைக் கணக்கிடத் தொடங்கினால் அமைதி குலையும். புறப்படும் முன்பே பயண நேரத்தைப் பார்த்து, இன்ன வேளையில் உண்பது, இன்ன வேளைக்குப் பின் உண்ணாதிருப்பது என்று எல்லை வகுத்துக்கொள்ளல் வேண்டும். ஐயம் இருப்பின் நெறி அறிந்த பெரியோரிடம் கேட்டுத் தெளிக. உடல் வலிமை உடையோர் நீர் மட்டும் அருந்தி நோன்பிருக்கலாம். நீரிழிவுக்கு மருந்து உண்போர் அவ்வாறு செய்தல் தீது. ஆற்றலுக்கு ஏற்ற துறவையே சமணம் சொல்கிறது. பதினாறு பாவனைகளுள் அதுவும் ஒன்றாக வைத்து எண்ணப்படுகிறது. தன் உடலை அறிந்து வகுத்த சிறு நோன்பை முழுமையாகக் காப்பது, பெரிய நோன்பை ஏற்று வழியில் வருந்துவதினும் மேலானது.

நான்காவது ஆதான நிக்ஷேபண சமிதி, அதாவது பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் கவனம். கடவுச்சீட்டு, மருந்து, மூக்குக்கண்ணாடி, பிள்ளையின் முகவரி எழுதிய தாள் ஆகிய நான்கும் ஒரே சிறு பையில், எப்போதும் ஒரே இடத்தில் இருத்தல் வேண்டும். மருந்தைப் பெரிய பெட்டியில் இட்டு அனுப்பலாகாது. தலைக்கு மேலுள்ள அறையில் பையை வைக்கும்போது, கீழே அமர்ந்திருப்பவர் தலையில் விழாமல் வைப்பதும் அகிம்சையே.

ஐந்தாவது உத்சர்க்க சமிதி, அதாவது கழிவை அகற்றுவதில் கவனம். கழிவறைக்குச் செல்லக் கூசி நீரே அருந்தாமல் இருக்கும் தாய்மார்கள் பலர். வறண்ட காற்றில் அது உடலுக்குக் கேடு. பல வானூர்திகளில் கழிவறைக் கதவின் நடுவில் தள்ளினால் அது உள்பக்கமாக மடியும். தாழிட்டால் விளக்கு நன்றாக ஒளிரும். நீரிறைக்கும் ஓசை சற்றுப் பெரிதாக இருக்கும். இம்மூன்றையும் பிள்ளைகள் முன்பே சொல்லி அனுப்பினால் பாதிக் கூச்சம் தீரும். அடுத்து வருபவர்க்குத் தூய்மையாக விட்டு வருவதில் மீதிக் கடமை நிறைவேறும்.

இவ்வைந்தும் உடலின் ஒழுங்கு. உள்ளத்தின் ஒழுங்கு சாமாயிகம். ஓர் இடத்தை எல்லையாக வகுத்து, அதைக் கடவாமல் அமர்ந்து, விருப்பும் வெறுப்பும் நீங்கி எல்லா உயிரையும் ஒப்ப நோக்கி இருத்தல் அதன் இயல்பு. அதற்குரிய காலம் ஒரு முகூர்த்தம். இரண்டு நாழிகை, 48 நிமிடம். வீட்டில் இதற்கு இடமும் நேரமும் தேட வேண்டியிருக்கிறது. வானூர்தியிலோ ஏறத்தாழ ஒரு முழ அகலமுள்ள இருக்கை தானாகவே எல்லையாக அமைகிறது. வாயில் மணி அடிப்பதில்லை, அடுப்பு அழைப்பதில்லை. சிறை என்று எண்ணினால் அது சிறை. சாமாயிகத்தின் எல்லை என்று எண்ணினால் அதே இடம் தவச்சாலை.

பதினைந்து மணி நேரம் என்று எண்ணும்போது மலைப்புத் தோன்றும். அது 900 நிமிடம். பத்தொன்பது முகூர்த்தங்களுக்கும் குறைவு. ஒரு முகூர்த்தத்தை மட்டும் நோக்கி அமர்வது எளிது. ஒன்றில் மந்திரம், ஒன்றில் நடை, ஒன்றில் உணவு, சிலவற்றில் உறக்கம், ஒன்றில் பக்கத்தில் இருப்பவரோடு நல்லுரை. மணிமாலை இல்லையெனினும் நான்கு விரல்களின் பன்னிரண்டு கணுக்களை ஒன்பது முறை எண்ணினால் 108 ஆகிறது. பன்னிரண்டு சிந்தனைகளையும் முகூர்த்தத்துக்கு ஒன்றாக எண்ணி வரலாம். வானூர்தி குலுங்கும்போது நிலையாமையையும், நூற்றுக்கணக்கானோர் நடுவே அறிமுகம் ஒருவரும் இன்றி இருக்கும்போது தனிமையையும், கால் வலிக்கும்போது உடல் வேறு உயிர் வேறு என்பதையும் எண்ணினால், அச்சிந்தனைகள் ஏட்டளவில் நில்லாமல் கண்முன் வந்து நிற்கும்.

அமைதி மட்டும் போதுமா? முகமலர்ச்சியும் வேண்டும். அதற்கு உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் நான்கு பாவனைகளைச் சொல்கிறது: எல்லா உயிரிடத்தும் நட்பு, குணத்தால் உயர்ந்தாரிடத்து மகிழ்ச்சி, துன்புறுவோரிடத்து இரக்கம், திருந்தாதாரிடத்து நடுநிலை. அருகிருப்பவர் எந்நாட்டவராயினும் ஒரு புன்னகை நட்பாகும். இரவெல்லாம் உறங்காமல் நூற்றுக்கணக்கானோர்க்கு உணவும் நீரும் தரும் பணியாளரைக் கண்டு மகிழலாம், நன்றி சொல்லலாம். காது வலியால் அழும் குழந்தையையும், அனைவரின் பார்வைக்கும் அஞ்சி அதனைத் தேற்றும் இளந்தாயையும் கண்டால் இரக்கம் பிறக்கட்டும். குடித்துவிட்டுக் கூச்சலிடுபவரிடம் நடுநிலை. அவரைத் திருத்தும் கடமை பயணிக்கு இல்லை. இந்நான்கையும் பயில்பவர் முகத்தில் மலர்ச்சி தானே வரும்.

தரையிறங்கிய பின்னும் சோதனை முடிவதில்லை. குடிவரவு வரிசை நீண்டிருக்கும். அதிகாரி கேட்கும் கேள்விகளுக்குச் சுருக்கமாகவும் உண்மையாகவும் விடை தருக. பையில் உணவுப் பொருள் இருப்பின் சுங்க அதிகாரியிடம் மறைக்காமல் சொல்லுக. வாய்மை விரதம் எல்லைக்கோட்டிலும் விரதமே. பெட்டி வரத் தாழ்த்தால், மருந்தும் மாற்றுடை ஒன்றும் கைப்பையில் இருப்பது அப்போது உதவும்.

அடுத்த சில நாட்கள் உறக்கம் முறைமாறும். நியூயார்க்கில் கோடைகால இரவு 2 மணி, தமிழ்நாட்டில் முற்பகல் 11.30 மணி. அந்நேரத்தில் விழிப்பும் பசியும் வருவது நோயன்று. உடல் இன்னும் ஊர்க் கடிகாரத்தின்படி இயங்குகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி அளவில் அது புதிய இடத்துக்கு ஒத்துவரும். பகலில் வெளிச்சத்தில் நடப்பது அதனை விரைவாக்கும். பொதுவாகக் கிழக்கு நோக்கிய பயணத்துக்குப் பின் ஒத்துவரக் கூடுதல் நாட்கள் ஆகும் என்பதால், ஊர் திரும்பியதும் உடனே விருந்துக்கும் விழாவுக்கும் ஓடாதிருத்தல் நலம்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். பெற்றோர்க்குப் பயணச்சீட்டு அனுப்புவதோடு கடமை முடிவதில்லை. உணவைப் பதிவு செய்தல், நடைவழி இருக்கை பெறுதல், மாற்று விமானம் ஏறும் இடத்தில் உதவிக்கு ஏற்பாடு செய்தல், வழியில் நேரக்கூடியவற்றைத் தமிழில் எழுதித் தருதல் ஆகியவை தாயின் நோன்பைக் காக்கும் தொண்டுகள். அத்தொண்டு செய்யப்பட்ட வீடுகளில் தாய்மார் அஞ்சாமல் புறப்படுகின்றனர்.

பகவான் மகாவீரர் 30 ஆண்டுகள் கால்நடையாகவே சென்று அறம் உரைத்தார். செல்லும் இடம் எதுவாயினும் மனம் ஒரே நிலையில் நின்றது. அதுவே அவர் பயணத்தின் பெருமை. வானூர்தியில் செல்லும் சாவகரும் சாவகியரும் அந்நிலையில் ஒரு சிறு பங்கை ஒரு முகூர்த்தமேனும் எய்தலாம். எய்தியவர் பேரக்குழந்தையின் வீட்டு வாயிலை அடையும்போது, களைப்போடு நோன்பையும் புன்னகையையும் கொண்டு சேர்ப்பர். அக்குழந்தை பாட்டியிடம் முதலில் கற்பது மந்திரத்தின் சொற்களை அன்று. அந்த முகத்தின் அமைதியை. சொற்கள் பின்னர் வரும்.

எவ்வுயிரும் இன்புறுக! அருகன் அறம் ஓங்குக!